அண்ணனும் தம்பியும் ஒரு பந்தும்

கோல்ஃப் ஆட்டத்தைப் பற்றிப் பள்ளிக்கூடத்து மனிதர் ஒருவர் பேச வருவது நேயர்களுக்கு வியப்பாக இருக்கலாம். எனக்கே அது வியப்புத்தான். முப்பத்தாறு ஆண்டுகள் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றி, 2018ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றேன். அதுவரை என் கையில் இருந்த நீண்ட கோல், தேசப் படத்தில் ஆறுகளையும் மலைகளையும் சுட்டிக் காட்டும் கோல் ஒன்றே. ஓய்வு பெற்ற சில மாதங்களில் இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருப்பதாக மருத்துவர் சொன்னார். நாள்தோறும் நடக்க வேண்டும் என்றும் சொன்னார். நாங்கள் வாழ்வது நீலகிரியில். என்னைவிட ஒன்பது ஆண்டு இளையவனான என் தம்பி, அங்குள்ள கோல்ஃப் களம் ஒன்றில் புல்தரையைப் பேணும் ஆட்களுக்கு மேற்பார்வையாளன். "நடக்கத்தானே வேண்டும் அண்ணா? விடியற்காலையில் என்னோடு வாருங்கள்" என்றான். போனேன். ஒரு மாதம் வெறுங்கையோடு நடந்தேன். பிறகு ஒரு நாள், ஒன்றும் சொல்லாமல் என் கையில் ஒரு மட்டையைக் கொடுத்தான்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்த முதல் விதிகளுள் ஒன்று. ஆகவே அவ்வாறே தொடங்குகிறேன். சிறுவயதில் கிட்டிப்புள் ஆடியிருப்பீர்கள். குழியில் கோலிக்குண்டு விழச் செய்யும் ஆட்டமும் ஆடியிருப்பீர்கள். கிட்டிப்புள்ளின் வீச்சையும் கோலியின் குழியையும் ஒன்று சேர்த்து, இடையே கால் மைல் புல்வெளியை விரித்துவிட்டால் அதுதான் கோல்ஃப். பந்தின் எடை 45.93 கிராமுக்கு மேற்படக் கூடாது. குழியின் வாய் 108 மில்லிமீட்டர் அகலம். ஒரு சிறு சொம்பு நுழையும் அளவு. இத்தகைய குழிகள் பதினெட்டு. ஒவ்வொரு குழிக்கும், தேர்ந்த ஆட்டக்காரர் இத்தனை அடியில் பந்தைச் சேர்ப்பார் என்று ஓர் எண் குறித்திருப்பார்கள். அதற்குப் 'பார்' என்று பெயர். முதல் அடி அடிக்கும் மேடைக்கு 'டீ' என்று பெயர். தேயிலைத் தோட்டங்களின் நடுவே பிறந்து வளர்ந்த எனக்கு இந்தச் சொல் நெடுநாள் குழப்பம் தந்தது. மட்டைப் பையைச் சுமந்து வருபவரைக் 'கேடி' என்று அழைப்பதைக் கேட்டபோதோ, நம் ஊர்க் காவல் நிலையத்துப் பொருளில் அதை எடுத்துக்கொண்டு திடுக்கிட்டேன்.

பொதுவாக இது தனியாள் ஆட்டம். அவரவர் பந்தை அவரவர் அடித்துச் செல்வார்கள். ஆனால் இருவர் ஓர் அணியாகச் சேர்ந்து ஆடும் முறைகளும் உண்டு. அவற்றுள் ஒன்றில் இருவரும் தத்தம் பந்தையே ஆடி, ஒவ்வொரு குழியிலும் இருவருள் யார் குறைந்த அடியில் முடித்தாரோ அவர் கணக்கை அணியின் கணக்காகக் கொள்வார்கள். இது என்னைப் போன்றவர்களுக்கு வசதியான முறை. நம் பிழை துணைவரின் திறமைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். மற்றொன்று 'ஃபோர்சம்ஸ்' எனப்படுவது. இதில் அணிக்கு ஒரே பந்து. ஓர் அடி அண்ணன், அடுத்த அடி தம்பி, அதற்கடுத்தது அண்ணன் என்று மாறி மாறி அடிக்க வேண்டும். நான் எங்கே கொண்டுபோய் விடுகிறேனோ அங்கிருந்துதான் அவன் அடித்தாக வேண்டும். அவன் விட்ட இடத்திலிருந்து நான். அமெச்சூர் வீரர்கள் 1922 முதல் ஆடி வரும் வாக்கர் கோப்பையிலும், தொழில்முறை வீரர்கள் 1927 முதல் ஆடி வரும் ரைடர் கோப்பையிலும் இந்த முறைக்கு இன்றும் இடம் உண்டு. பந்தைத் தேடி நடக்கும் நேரமும் இதில் பாதியாகக் குறைகிறது.

இதன் விதிகளில் சில நுட்பங்கள் உள்ளன. ஒற்றைப்படைக் குழிகளில் ஒருவரும் இரட்டைப்படைக் குழிகளில் மற்றவரும் முதல் அடியைத் தொடங்க வேண்டும். முந்தைய குழியில் கடைசி அடியை யார் அடித்தார் என்பது பொருட்டன்று. தண்டனையாகச் சேரும் அடி முறையை மாற்றாது. இந்தக் கடைசி விதியை நான் புத்தகத்தில் படித்து மனப்பாடம் செய்திருந்தேன். மனப்பாடம் செய்தது களத்தில் எவ்வளவு உதவிற்று என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எங்கள் களத்தில் ஆண்டுதோறும் ஊர்க்காரர்களுக்காக ஓர் இணையர் போட்டி நடத்துகிறார்கள். உறுப்பினர், ஊழியர், மட்டை சுமப்பவர் என்ற வேறுபாடு அன்று இல்லை. 2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நடந்த அந்தப் போட்டிக்குத் தம்பி எங்கள் இருவர் பெயரையும் கொடுத்துவிட்டு வந்து சொன்னான். நான் மறுத்தேன். என் ஆட்டத்தின் தரத்தை எண்ணி மட்டும் மறுக்கவில்லை.

இங்கே ஒரு பழைய செய்தியைச் சொல்ல வேண்டும். 1984ஆம் ஆண்டில் நான் இளம் ஆசிரியன். ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் நடத்தினேன். என் தம்பி அந்த வகுப்பில் மாணவன். முழுஆண்டுத் தேர்வில் அவன் பெற்றது 32 மதிப்பெண். தேர்ச்சிக்கு 35 வேண்டும். அவனைப் போல மயிரிழையில் தவறிய வேறு இரண்டு பையன்களும் இருந்தார்கள். அவ்விருவருக்கும் கருணை மதிப்பெண் தரலாம் என்று நானே பரிந்துரைத்தேன். தம்பிக்குப் பரிந்துரைக்கவில்லை. சொந்தத் தம்பிக்குச் சலுகை காட்டினான் என்று ஒரு சொல் வந்துவிடக் கூடாது என்பதே என் எண்ணம். அதை நேர்மை என்று கருதினேன். அக்காலத்தில் ஒரு பாடத்தில் தவறினாலும் வகுப்பில் நிறுத்திவிடுவது வழக்கம். அவன் மறுபடி பள்ளிக்கு வரவில்லை. அந்தக் கோடையிலேயே கோல்ஃப் களத்தில் புல் வெட்டும் வேலைக்குச் சேர்ந்தான். எங்களுக்குள் சண்டை எதுவும் நிகழவில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கூடி உண்டோம். ஆனால் முப்பத்தொன்பது ஆண்டுகளாக அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை.

"பெயர் கொடுத்தாகிவிட்டது அண்ணா. வேறு துணை எனக்குக் கிடையாது" என்றான். நான் இணங்கினேன்.

போட்டிக்கு முன் கணக்குப் பார்த்தோம். கோல்ஃப் ஆட்டத்தில் வல்லாரும் வல்லமை குறைந்தாரும் ஒரே களத்தில் மோதலாம். அதற்காக 'ஹாண்டிகாப்' என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஒருவருடைய அண்மைக்கால ஆட்டங்களைக் கொண்டு, அவருக்கு எத்தனை அடி கழிவு தரலாம் என்று கணிப்பார்கள். 2020ஆம் ஆண்டு முதல் இதற்கு உலகளாவிய ஒரே முறை நடைமுறைக்கு வந்திருக்கிறது. அந்தக் களத்தில் என் கணக்கு 28. தம்பியின் கணக்கு 8. ஃபோர்சம்ஸ் ஆட்டத்தில் இருவர் எண்ணையும் கூட்டிப் பாதியாக்க வேண்டும். 36இல் பாதி 18. அதாவது குழிக்கு ஓர் அடி எங்களுக்குக் கழிவு. "கருணை மதிப்பெண் மாதிரி" என்று என் வாயில் வந்துவிட்டது. அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "கருணை இல்லை அண்ணா, இது கணக்கு" என்றான்.

வெற்றி தோல்வியைப் புள்ளிகளால் அளந்தார்கள். இந்தப் புள்ளி முறையை வகுத்தவர் ஸ்டேபிள்ஃபோர்டு என்ற ஆங்கில மருத்துவர். அவர் வகுத்த வடிவில் முதல் போட்டி 1932ஆம் ஆண்டு மே மாதத்தில் வாலசி என்ற ஊரில் நடந்தது. கழிவு போகப் 'பார்' எண்ணிலேயே முடித்தால் இரண்டு புள்ளி. ஓர் அடி கூடினால் ஒரு புள்ளி. அதற்கு மேல் எத்தனை கூடினாலும் சுழி. பந்து காட்டில் புகுந்து பத்து அடி, பன்னிரண்டு அடி ஆகும்போது, மொத்த அடிகளை எண்ணும் முறையில் நாள் முழுவதும் பாழாகும். இதிலோ அந்த ஒரு குழி மட்டும் போகும். ஒரு வினாவை எழுதாமல் விட்டாலும் மற்ற வினாக்களின் மதிப்பெண் கெடுவதில்லை அல்லவா? அந்த மருத்துவர் நல்ல ஆசிரியராகவும் இருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நீண்ட குழிகள் பல ஒற்றைப்படையில் இருந்ததால் அவற்றைத் தம்பி தொடங்குவது என்றும், இரட்டைப்படையை நான் தொடங்குவது என்றும் வகுத்துக்கொண்டோம். அன்று காலை இருபத்திரண்டு இணைகள் கூடியிருந்தன. முதல் குழியில் தம்பி அடித்த பந்து நேராகப் போய் நடுத்தரையில் நின்றது. நான் அடித்த இரண்டாவது அடி தரையைக் கீறிக்கொண்டு முப்பது கஜம் உருண்டது. "மன்னித்துக்கொள் தம்பி" என்றேன். இரண்டாம் குழியிலும் சொன்னேன். மூன்றாம் குழியில் இரண்டு முறை சொன்னேன்.

நான்காம் குழியில் தொடக்க அடி என்னுடையது. பந்து வலப்புறம் வளைந்து முட்புதருக்குள் புகுந்தது. அந்தப் புதர் வெள்ளைக்காரர்கள் தங்கள் நாட்டு நினைவுக்காகக் கொண்டுவந்து வைத்தது. மஞ்சளாகப் பூக்கும், ஊசியாகக் குத்தும். பந்தைத் தேட மூன்று நிமிடம் தருகிறார்கள். 2019க்கு முன் ஐந்து நிமிடம் இருந்தது. கையெல்லாம் கீறியதுதான் மிச்சம். முன்னெச்சரிக்கையாக மாற்றுப் பந்து ஒன்றை அடித்து வைக்கவும் மறந்துவிட்டோம். தண்டனையாக ஓரடி சேர்த்துக்கொண்டு, புறப்பட்ட மேடைக்கே திரும்பி வந்தோம். பிழை என்னுடையது, அதைத் திருத்துவதும் நானே என்ற வேகத்தில் மட்டையை உயர்த்திவிட்டேன். தம்பி மெல்ல என் தோளைத் தொட்டான். "அண்ணா, இது என் முறை." தண்டனை அடி முறையை மாற்றாது. நான் இழந்த பந்துக்கு மாற்றாக அடிக்க வேண்டியவன் அவனே. நான் அடித்திருந்தால் இன்னும் இரண்டு அடி தண்டனை சேர்ந்திருக்கும். மனப்பாடம் செய்த விதி அந்த நேரத்தில் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

அங்கே மறுபடியும் மன்னிப்புக் கேட்டேன். "இந்த ஆட்டத்தில் துணைவனிடம் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை அண்ணா" என்றான். "நான் உங்களுக்குக் கெட்ட இடம் தருவேன், நீங்கள் எனக்குத் தருவீர்கள். இதையெல்லாம் கணக்கு வைத்துக்கொண்டால் பதினெட்டுக் குழியும் நடக்க முடியாது." இது அவன் புதிதாகச் சொன்னதன்று, ஃபோர்சம்ஸ் ஆடுபவர்கள் பலரும் கைக்கொள்ளும் மரபுதான். ஆயினும் வாழ்நாள் முழுவதும் பிறர் பிழையைச் சிவப்பு மையில் சுழித்தவனுக்கு அது எளிதில் வரவில்லை.

ஒன்பது குழிகள் முடிந்தபோது எங்கள் புள்ளி பதின்மூன்று. தகரக் கொட்டகையில் தேநீர் கொடுத்தார்கள். அங்கே அமர்ந்திருந்தபோது, எப்படி எனக்குத் துணிவு வந்தது என்று சொல்ல முடியவில்லை. "அந்த மூன்று மதிப்பெண்ணை நான் போட்டிருக்க வேண்டும்" என்றேன். அவன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "நான்காம் கேள்வியை நான் எழுதவே இல்லை. அப்போதே விடுமுறை நாளெல்லாம் இங்கே பை தூக்க வந்துகொண்டிருந்தேன், படிக்கவில்லை. வெறும் தாளுக்கு நீங்கள் என்ன போடுவீர்கள்?" என்றான். எனக்கு ஒருவாறு மூச்சு வந்தது. ஆனால் அவன் முடிக்கவில்லை. "பத்து நாள் ஒரே வீட்டில் பக்கத்துப் பாயில் படுத்திருந்தோம். உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. எல்லாப் பையன்களோடும் நின்று அறிவிப்புப் பலகையில் பார்த்தேன். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

தேர்வு முடிவை முன்கூட்டி வெளியிடலாகாது என்பது விதி. அந்த விதியைச் சொல்ல நான் வாய் திறக்கவில்லை. தேநீர் ஆறிப்போயிற்று. பத்தாம் குழிக்கு அழைத்தார்கள்.

அதன்பின் ஒரு மாறுதல் நேர்ந்தது. ஒவ்வோர் அடிக்கு முன்பும் நான் எங்கே அடிக்க நினைக்கிறேன் என்பதை அவனிடம் சொல்லத் தொடங்கினேன். அவனும் சொன்னான். அப்போதுதான் இந்த ஆட்டத்தின் உட்பொருள் எனக்குப் புலப்பட்டது. தனியாக ஆடுபவர் பந்தைக் குழிக்கு எவ்வளவு அருகில் விடலாம் என்று பார்ப்பார். இணையாக ஆடுபவரோ, துணைவருக்குக் கைவந்த தொலைவு எது என்று பார்க்க வேண்டும். நூறு கஜத்திலிருந்து அடிப்பது எனக்கு ஓரளவு வரும். நாற்பது கஜத்தில் கை நடுங்கும். ஆகவே தம்பி இன்னும் நெடுந்தூரம் அடிக்கக்கூடிய இடங்களிலும் அடியைக் குறைத்து, எனக்கு நூறு கஜம் மிச்சம் வைத்தான். என்னிடமோ, "குழிக்கு இடப்பக்கம் விடுங்கள், அங்கே புல் மேற்கு நோக்கிச் சாய்ந்திருக்கும், பந்து தானே இறங்கும்" என்பான். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கிக்குயூ என்னும் புல் எங்கள் மலையெங்கும் பரவியிருக்கிறது. அது எங்கே தடிக்கும், எங்கே நீர் ஊறும், எந்தச் சரிவில் பனி எட்டு மணி வரை காயாது என்பதெல்லாம் அவனுக்கு உள்ளங்கை நெல்லிக்கனி. முப்பத்தொன்பது ஆண்டு அவன் படித்த பாடம் அது. அந்த வகுப்பில் நான் கடைசி வரிசை மாணவன்.

பதினாறாம் குழியில் என் தொடக்க அடி ஒரு பள்ளத்தில் விழுந்தது. அருகில் சென்று பார்த்தால், ஈரத்தில் பதிந்து பின் காய்ந்துபோன காட்டெருமைக் குளம்படி. அதன் அடியில் பந்து, முட்டை கூட்டில் கிடப்பது போலக் கிடந்தது. விலங்கு தோண்டிய வளையாக இருந்தால் தண்டனையின்றிப் பந்தை எடுத்து வேறிடத்தில் போடலாம். வெறும் காலடித் தடத்துக்கு அந்தச் சலுகை இல்லை. கிடந்தவாறே அடிக்க வேண்டும். அடிக்க வேண்டியவன் தம்பி.

அந்த இடத்தில் எனக்கு ஒரு பழங்கதை நினைவுக்கு வந்தது. 1849ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் ஒரு பெரிய இணையர் ஆட்டம் நடந்தது. ஒரு பக்கம் மஸல்பரோ ஊரின் டன் சகோதரர்கள், இரட்டையர். மறுபக்கம் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரின் ஆலன் ராபர்ட்சனும், அவரிடம் பந்து செய்யும் தொழிலில் இருந்த டாம் மாரிசும். மூன்று களங்களில் ஆட்டம். பந்தயம் 400 பவுன். முதற் களத்தில் சகோதரர்கள் பெருவெற்றி பெற்றார்கள். இரண்டாவது மற்றவர்க்குப் போயிற்று. மூன்றாம் களமான நார்த் பெரிக்கில், இன்னும் எட்டுக் குழிகளே இருக்கையில் சகோதரர்கள் நான்கு குழி முன்னணியில் இருந்தார்கள். அவ்வளவும் கரைந்து ஆட்டம் சமநிலைக்கு வந்து நின்ற நெருக்கடியில், அவர்கள் பந்து ஒரு கல்லுக்குப் பின்னால் சிக்கிற்று. கல்லைப் பெயர்க்க நடுவர் விடவில்லை. ஒருவர் ஓங்கி அடித்தார். மட்டை கல்லில் பட்டது. அடுத்தவரும் அதையே செய்தார், அதுவும் கல்லில். பந்தைப் பின்னோக்கித் தட்டிப் புல்லில் விட்டால் போதும் என்பது இருவருக்கும் தோன்றவில்லை. ஆட்டம் போயிற்று. உடன்பிறந்தார் ஆடினால் தோற்பார்கள் என்று இதற்குப் பொருள் அன்று. 2009இல் இத்தாலியின் மொலினாரி சகோதரர்கள் நாடுகளுக்கிடையேயான உலகக் கோப்பையையே வென்றார்கள். வென்றவர்கள் கதையும் இனிதாக முடியவில்லை. ராபர்ட்சனும் மாரிசும் புதுவகைப் பந்தை ஆடுவது பற்றி மனம் வேறுபட்டு 1851இல் பிரிந்துபோனார்கள்.

தம்பி குளம்படியைச் சுற்றி ஒருமுறை நடந்தான். பிறகு குழிக்கு முதுகைக் காட்டி நின்று, நாங்கள் வந்த வழியை நோக்கிப் பந்தைத் தட்டினான். பதினைந்து அடி தொலைவில் சமமான புல்லில் அது நின்றது. "நூறு கஜத்துக்குச் சிறிது மேலே இருக்கும் அண்ணா" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. நான் அடித்தேன், அன்று நான் அடித்தவற்றுள் அதுவே நல்ல அடி. பந்து குழித்தரையின் ஓரத்தில் ஏறிற்று. நான்காவது அடியில் அவன் அதைக் குழிக்கு ஒரு முழத்தில் வைத்தான். ஐந்தாவதில் நான் உள்ளே தள்ளினேன். ஐந்தில் கழிவு ஒன்று போக நான்கு. அதுவே அக்குழியின் 'பார்'. இரண்டு புள்ளி.

பிற்பாதியில் பதினேழு புள்ளி சேர்ந்தது, மொத்தம் முப்பது. இருபத்திரண்டு இணைகளில் எங்களுக்கு ஒன்பதாம் இடம். பரிசு ஒன்றும் இல்லை. மதிப்பெண் அட்டையில் கையெழுத்திடும் முன் வழக்கப்படி நான் இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன்; அவன் ஒரு முறையும் பார்க்கவில்லை.

வீடு திரும்பும் வழியில் அடுத்த ஆண்டு ஒற்றைப்படைக் குழிகளை நானே தொடங்கலாமா என்று கேட்டேன். "முதலில் நாளைக் காலை ஆறு மணிக்கு வாருங்கள். பன்னிரண்டாம் குழியில் பனி துடைக்க ஆள் இல்லை" என்றான். மறுநாள் போனேன். நீண்ட மூங்கில் கழி ஒன்றைக் கையில் தந்தான். புல்லை அழுத்தாமல், நுனி மட்டும் பட, வளைத்து வளைத்து வீச வேண்டும். மூன்று முறை தவறாக வீசினேன். நான்காம் முறை பனித்துளிகள் ஒரு கோடாக உதிர்ந்தன. அவன் அடுத்த குழிக்கு நடந்துவிட்டான்.